அரிப்பு மொறிஸும் என்னுடையதும்

2022 மார்ச் 19, சனி
என் மொறிஸ் மைனரைத் தரச்சொல்லி இரண்டு வருடமாகக் கெஞ்சிய கொழும்புக்காரர் இன்று தொலைபேசி எடுத்தார். கார் வேண்டாமாம். தன்னிடமுள்ள பழைய கார்களையும் விற்கிறாராம், மன்னாரில் வாங்க ஆள் இருக்கா என்று என்னிடமே கேட்டார். இந்த வருட பழைய கார் ஊர்வலமும் இல்லை. பெற்றோலுக்கு வரிசையில் நிற்கிற நாட்டில் யார் ஊர்வலம் போவது?
நான் விற்கமாட்டேன். எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 28
சீமெந்து இல்லையென்று என் வீட்டுக்காரர் றெனால்டின் கட்டட வேலை நின்றுவிட்டது. மனுசன் காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

ஜூன் 11
வவுனியாவிலிருந்து பழைய கார்களைக் கழற்றி விற்கிறவர் வந்தார். எஞ்சின், கியர்பொக்ஸ், விளக்குகள் போதுமாம். மிச்சம் இரும்புக்குப் போகட்டுமாம். இறக்குமதி நின்றதிலிருந்து முழுக் காரைத் தேட ஆளில்லை, சாமான்களுக்குத்தான் ஆள். போகச் சொல்லிவிட்டேன். கந்தோர்ச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஒவ்வொன்றாய்ப் பூட்டினது—பிச்சுக் குடுக்கவா?
கீழே படுத்து, தரைத் தகட்டை ஸ்குறூட்றைவரால் குத்திப் பார்த்தேன். பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. உப்புக்காற்றுத் துரு.

ஜூன் 12
தகடு இல்லை. வெல்டிங் செய்யக் கரண்டும் இல்லை. பார்ப்போம்.

ஜூலை 24, ஞாயிறு
கிடைத்த பஸ்ஸில் அரிப்புக்குப் போனேன். அங்குள்ள ஜுனைதீன் நானா கருவாட்டு வியாபாரி. இந்தப் பக்கத்தில் மொறிஸ் மைனர் வைத்திருக்கும் மற்ற ஆள் அவர்தான். கரியெண்ணெய் பூசிவைத்த அவருடைய காரில் துரு என்பதே இல்லை. ஆனால் எஞ்சினில் வெடிப்பு விழுந்துவிட்டது. இங்கிலாந்தில் சொல்லிவைத்த எஞ்சின் டொலர் இல்லாததால் வராது. வவுனியாக்காரர் வருகிற கிழமை வந்து கழற்றப்போகிறாராம். ஓடாத காரை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது என்றார். டீசல் இல்லாமல் லொறியும் நிற்கிறது, கருவாடு கொட்டிலில் கிடக்கிறது.
எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.
"எண்ட எஞ்சின் நல்லா இருக்கு, நானா. உங்கட காரிண்ட கூடு நல்லா இருக்கு."
அவர் தன் காரின் பொனெட்டை மூடினார்.
"அப்ப உங்கட கார், தங்கச்சி?"
"அது இல்லாமப் போகும்."
ஓடினால் இருவருக்கும் பொது என்று பேசிக்கொண்டோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன்.

ஓகஸ்ட் 6
நானே கழற்றினேன். வேறு யாரையும் போல்ட்டில் கை வைக்க விடவில்லை. எஞ்சின் மேலே எழும்பியபோது சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்த றெனால்ட் என் முகத்தையே பார்த்தார்.
"என்னைப் பாக்காதேங்கோ. சங்கிலியைப் பாருங்கோ."

ஓகஸ்ட் 7
முன்பக்கம் வெறுங்கூடு. துணி போட்டு மூடினேன்.

செப்ரெம்பர் 10
அரிப்பில் நானாவின் காரில் என் எஞ்சினைப் பூட்டி முடித்தோம். பற்றவில்லை. காபரேற்றரைக் கழுவிப் பூட்டினேன். பற்றவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்றார் நானா. இண்டைக்குத்தான் என்றேன். பின்னேரம் பற்றியது. நானாவின் மனைவி றாபியா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து முன்சீற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டா.

நவம்பர் 14
பெற்றோல் பங்கீட்டுக்குள் றெனால்ட் அந்தக் காரில் நானாவின் கருவாட்டை ஏற்றி மன்னார்ச் சந்தைக்கு வருகிறார். லாபத்தில் பாதி எங்களுக்கு. பின்சீற்றைக் கழற்றிவிட்டார்கள், கண்ணாடி எல்லாம் திறந்தாலும் மணம் போகாது. கந்தோர் முடிந்து சந்தையடிக்குப் போனேன். றெனால்ட் காரின் திறப்பை நீட்டி, "அரிப்புக்குக் காரை நீரே ஓட்டும்," என்றார்.
பாலத்தில் நாலாவது கியருக்கு மாற்றினேன். சத்தம் சீராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் மாற்றவேண்டும்.