பதினொரு ஒன்றுகள்

1934 மார்ச் 5, திங்கள்

இன்டர்மீடியட்டில் கணக்கில் இரண்டு முறை தோற்றவன் நான். பிரேசர் டவுனில் யாருக்கும் தெரியாது. பள்ளிக் கமிட்டியில் என்னைக் கணக்குப் புலி என்று நம்புகிறார்கள்; நானும் மீசையைத் தடவிக்கொண்டு நம்ப விட்டிருக்கிறேன்.

இன்று கணக்கு டீச்சர் வேலைக்கு, எங்கள் சர்ச்சுக்கு வரும் கேத்தரினின் மகள் நோரா வந்திருந்தாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஏதாவது கேட்டாக வேண்டுமே! காகிதத்தில் வரிசையாகப் பதினொரு ஒன்றுகள் போட்டு நீட்டினேன்: “இது பகா எண்ணா, இல்லையா?” சத்தியமாக எனக்கு விடை தெரியாது.

“தெரியலை சார். ஒரு வாரம் கொடுங்க, பார்த்துச் சொல்றேன்.”

அவள் போனதும் கமிட்டித் தலைவர் பெர்னார்ட், “தெரியலைன்னு அது வாயாலயே சொல்லிடுச்சு. ஆம்பள வாத்தியாரா பார்க்கலாம்ப்பா” என்றார். என் ஜம்பத்துக்கு ஒரு பெண்ணின் வேலை போவதா? ஒரு வாரம் கொடுத்தே தீரவேண்டும் என்று மேசையைக் குத்தினேன். கை இன்னும் வலிக்கிறது.

மார்ச் 7

சர்ச் வாசலில் கேத்தரினிடம் மாட்டிக்கொண்டேன். வேலை கிடைக்காவிட்டால், ஈஸ்டர் முடிந்ததும் நோராவைக் கோலார் தங்கவயலுக்குக் கூட்டிப்போய்க் கட்டிக்கொடுத்துவிடுவார்களாம். மாப்பிள்ளை தயார். “ஏன் ரெமி அண்ணே, வயசுப் பொண்ணுகிட்ட கேக்க வேற கணக்கே கிடைக்கலையா? சோறு தண்ணி இல்லாம வகுத்துக்கிட்டே இருக்கா!”

மார்ச் 8

நானும் வகுத்துப் பார்த்தேன். மூன்று, ஏழு — பதின்மூன்றுக்குள் மதியத் தூக்கம் வந்துவிட்டது.

மார்ச் 10, சனி

காப்பிப் பொடி கேட்கும் சாக்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நோராவின் முன்னால் காகிதக் கட்டு.

“எல்லா எண்ணையும் போட்டுப் பார்க்க வேண்டாம் சார். இதை வகுக்கிற எண் எதுவா இருந்தாலும், அதுல ஒண்ணைக் கழிச்சா மிச்சம் இருபத்திரண்டால வகுபடணும்.”

ஏன் என்றும் விளக்கினாள். தலையாட்டினேன் — கோயில் மாடுகூட அப்படி ஆட்டியிருக்காது. நான் வீடு வீடாகக் கதவு தட்டிய தெருவில், ஆள் இருக்கக்கூடிய வீடுகளை இந்தப் பெண் வாசலில் நின்றே சொல்லிவிடுகிறாள்! அப்படியும் இருநூறு வகுத்தலாயிற்று, அகப்படவில்லை.

மார்ச் 11

இன்னும் இல்லை. பூசையில் மனம் நிற்கவில்லை.

மார்ச் 12, திங்கள்

கமிட்டி முன்னால் நோரா கரும்பலகையில் இரண்டு எண்கள் எழுதினாள்: 21649, 513239. “பகா எண் இல்லை சார். பெருக்கிப் பாருங்க.”

பெர்னார்டே சாக்பீஸை வாங்கினார். ஐந்தாம் இடத்தில் எட்டு வந்தது. “பாத்தீங்களா!” என்று எங்கள் பக்கம் திரும்பினார்.

“கையில இருக்கிற மூணைச் சேர்க்கலை சார்.”

சேர்த்தார். ஒன்று. அப்புறம் ஒன்று, ஒன்று என்று பதினொன்றும் வந்து நின்றன. சாக்பீஸ் தூள் படிந்த கையாலேயே நியமன உத்தரவில் முதல் கையெழுத்தும் போட்டார், மனிதர்.

போன திங்களன்று அந்த அறையில் யாருக்குமே விடை தெரியாது. தெரியவில்லை என்று சொல்லும் தைரியம் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

ஜூன் 4, திங்கள்

பள்ளி திறந்தது. தலைமையாசிரியை மௌரீன் ஒட்டியிருந்த வகுப்புப் பட்டியலைப் பார்த்தேன். நோராவுக்குப் பாலர் வகுப்புக் கணக்கு. வருடம் முடிவதற்குள் பிள்ளைகளுக்கு நூறு வரை எண்ணத் தெரிந்தால் போதும்.