கிளிப்பச்சை சீட்

அடியே, காலையில் உன் காரின் கதவைத் திறந்தேன். ஒரு வாரமாகப் பூட்டியே கிடந்தது. வெயிலில் வெந்த ரெக்சின் வாசனை, நான் சீட்டுக்கு ஒட்டிய பசையின் வாசனை, கண்ணாடியில் நீ தொங்கவிட்ட மல்லிகை சென்ட் அட்டையில் மிச்சமிருந்த வாசனை எல்லாம் சேர்ந்து முகத்தில் அடித்தது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மெக்கானிக் ஏழுமலை ஸ்பானர் பையை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேங்க்கா" என்று கூட்டுரோட்டுப் பக்கம் நடந்துவிட்டான். நல்ல பையன். வந்ததும் அவன் உன் காரைக் கழற்றப் போகிறான்.

அதற்கு முன்னால் உன்னிடம் பேச வேண்டும். சீட் கவருக்கு அளவு வெட்டுகிற பழுப்புத் தாளில்தான் எழுதுகிறேன். வேறு தாள் கடையில் இல்லை. இருந்தாலும் உனக்கு அது ஒத்துவராது, நீயும் நானும் ஒரு நாளும் நல்ல தாளில் எழுதிக்கொண்டவர்கள் இல்லை.

சிப்காட் கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் ஒட்டி உட்கார்ந்து போன காலத்தில் உன் கால் பெருவிரல் புண்ணை எனக்குக்கூடக் காட்டாமல் ஷூவுக்குள் மறைத்து வைத்திருந்தாய். சர்க்கரைப் புண். பேக்கிங் லைனில் ஷிப்டு முழுக்க நின்று நின்று அது முழங்காலுக்குக் கீழே இடது காலையே கொண்டுபோனது. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதபோது, "ஒரு செருப்புதான் இனிமே தேயும், உடுடி" என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படிப் பேசுகிறவளை என்ன செய்வது?

ஆனால் ஆட்டோவில் ஏற்றும்போது உன் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். டிரைவர் ஒரு பக்கம், உன் வீட்டுக்காரர் ஒரு பக்கம் உன் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். நீ தலையைத் திருப்பிக்கொள்வாய். ஒரு நாள், கம்பெனி வேலையை விட்டு நான் போட்ட இந்த சீட் கவர் கடை வாசலில் இறங்கி, கக்கத்துக் கட்டையை ஊன்றி உள்ளே வந்து, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாய்: "அரிசி மூட்ட மாதிரி தூக்கி வெக்கறாங்கடி. எனக்குக் கார் ஓணும். நானே ஏறணும், நானே ஓட்டணும்." கால் இருந்தபோதே டிரைவிங் ஸ்கூலில் கற்றவள் நீ. அந்தத் திமிர் போகவில்லை.

ஊரிலுள்ள கார்களில் எல்லாம் ஏறிப் பார்த்தோம். முன்கதவு போதாது. கட்டை இடிக்கும், அல்லது முழங்கால் இடிக்கும். அப்போதுதான் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு நெல் வியாபாரி வீட்டில் இரண்டு கதவுக் கார் ஒன்று சும்மா நிற்பதாக ஏழுமலை சொன்னான். அந்த வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது ஸ்டைலுக்காக வாங்கியதாம். விலை குறைந்த கூபே. யாரும் வாங்காததால் கம்பெனிக்காரனே அதைச் செய்வதை நிறுத்திவிட்டான். மூட்டைகளுக்கு நடுவில் நின்றது. பின்சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். நீயோ அந்தக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாய். இரண்டே கதவு என்பதால் ஒவ்வொன்றும் அவ்வளவு நீளம். பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாய், கட்டையை உள்ளே இழுத்தாய், காலைச் சுழற்றினாய், கதவைச் சாத்தினாய். யாரும் உன்னைத் தொடவில்லை.

"இதான்டி என் வண்டி" என்று உள்ளேயிருந்து கத்தினாய். வீட்டுக்காரப் பெரியவர் சிரித்துவிட்டார். "கோழிய மட்டும் உட்டுட்டுப் போ நைனா" என்று ஏழுமலையிடம் சொன்னார்.

வண்டி வந்துவிட்டது. அப்புறம்தான் பேஜாரு. எது கெட்டாலும் அந்தக் காருக்கு உதிரி கிடைக்காது. வேறு வண்டிகளில் தேடி, ஏழுமலை வெல்டிங் வைத்துப் பொருத்த வேண்டும். நெடுஞ்சாலையில் அடிபட்ட வண்டிகளெல்லாம் வந்து சேரும் காயலான் கடைக்கு நீயும் நானும் ஞாயிறு தவறாமல் போனோம். அதாவது ஞாயிறு சர்ச் முடிந்து. சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடு கிரீஸுக்கு நடுவில் நீ நடந்து வருவதைப் பார்த்துக் கடை பாய் முதலில் பயந்தே போனார். ஒரு குட்டிக் காரிலிருந்து பவர் ஸ்டியரிங் எடுத்தோம். ஏதோ ஒரு டாக்ஸியின் பக்கக் கண்ணாடிகள். இன்னொன்றின் விளக்குகள். ஹார்ன் மட்டும் புதுசாகத்தான் வேண்டும் என்று அடம் பிடித்தாய். "கல்கத்தா ரோட்ல லாரிக்காரன் காதுல உழணும்" என்றாய். விழுந்தது. எனக்கும்தான் விழுந்தது, இன்னும் வலிக்கிறது.

அந்த சீட்டையும் அங்கேதான் பார்த்தோம். பெரிய கார் ஒன்றின் டிரைவர் சீட். உயரம் ஏற்றி இறக்கலாம், பின்னால் வெகுதூரம் தள்ளலாம். உனக்கென்றே செய்த மாதிரி இருந்தது. நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"பாய், இந்த வண்டில உயிர் எதுனா போச்சா?"

பாய் மழுப்பத் தெரியாதவர். "போச்சும்மா. ஓட்டிக்கினு வந்தவருக்கு நெஞ்சு வலி. வண்டி பள்ளத்துல எறங்கிடுச்சு. நீங்க கேக்கறீங்க, நான் சொல்றேன்."

"அப்ப வேணாம்" என்றேன். "என் மிஷின்ல இந்த சீட்டு ஏறாது. செத்தவங்க சீட்டுக்கு நான் கவர் தெக்க மாட்டேன்."

நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். "ஏன்டி தேவகி, அவரு இன்னும் அதுலயேவா உக்காந்துகினு இருக்காரு? எழுந்து போய்ட்டாரு. சீட்டு காலியாத்தான இருக்குது?"

அப்புறம் நீ செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நொண்டி நொண்டி அந்த நசுங்கிய காருக்குப் பக்கத்தில் போனாய். கூரையில் இரண்டு தட்டு தட்டினாய், வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. "அய்யா, உங்க சீட்ட எடுத்துக்கறேன். எனக்கு ஒரு காலு இல்ல. கோச்சுக்காம உத்தரவு குடுங்க" என்றாய். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாய். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். எனக்குக் கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டது.

"குடுத்துட்டாரு. கழட்டுங்க."

அன்றிலிருந்து எதை எடுத்தாலும் இரண்டு தட்டு, உத்தரவு. "வைப்பருக்குமாம்மா?" என்று பாய் கிண்டல் செய்தார். "எதுனாலும் யாரோ ஆசப்பட்டு வாங்கனதுதான பாய்" என்று நீ சொன்னதும் அவர் கிண்டலை விட்டுவிட்டார். போகப்போக அவரே கூரையில் தட்டிவிட்டுத்தான் பாகத்தை எடுத்து நீட்டினார்.

கவர் நான்தான் தைத்தேன், வேறு யார் தைப்பது? நான் சாம்பல் நிறம் சொன்னேன். நீ கிளிப்பச்சை என்றாய். அழுக்குத் தெரியும், கண்ணைக் குத்தும், பார்க்கிறவன் சிரிப்பான் என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "சிரிக்கட்டும். ஐயோ பாவம்னு பாக்கறதுக்கு அது தேவல" என்றாய். கிளிப்பச்சையே தைத்தேன். திட்டிக்கொண்டேதான் தைத்தேன். ஆனால் ஓரத்துக்கு இரட்டைத் தையல் போட்டேன், அது உனக்குத் தெரியாது.

கடைசியாக வந்தது கை கிளட்ச். இடது கால் மிதிக்க வேண்டியதைக் கை செய்யும் சாமான். கியர் தடியின் குமிழில் ஒரு பொத்தான், அமுக்கினால் கிளட்ச் அமுங்கும். சென்னையிலிருந்து தனியாக வாங்கி ஏழுமலை பொருத்தினான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பேப்பர் வேலையெல்லாம் முடிந்து, என் கடை வாசலில் முதல் ஓட்டம். உன் சபைப் பாஸ்டர் ஜெபம் பண்ண வந்திருந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றாமல் எப்படி அனுப்புவது? பாஸ்டர் கண்ணை மூடி ஜெபம் பண்ணுகிற சமயம் பார்த்து, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னால் இரண்டு பழத்தை வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி கை கூப்பி நின்றேன். ஸ்டியரிங் பிடித்தபடி நீ ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துச் சிரித்தது எனக்குத் தெரியும்.

"ஆமென்" என்றார் பாஸ்டர். நீ பொத்தானை அமுக்கினாய், கியரைப் போட்டாய், விட்டாய். வண்டி விர்ரென்று பின்னால் போய் என் கடையின் பழைய சீட் குவியலில் முட்டி நின்றது.

புதுக் குமிழ்தான் காரணம். அது வேறு வண்டிக்குச் செய்தது. அதன் தலையில் வரைந்திருந்த படத்தில் முதல் கியர் இருந்த இடத்தில்தான் உன் காருக்கு ரிவர்ஸ். கை பழக்கத்தில் ஓட்டும் ஏழுமலை அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. நீ படித்தவள் மாதிரி படத்தைப் பார்த்துப் போட்டாய். வண்டி இருந்த இடம் காலி. அங்கே இரண்டு எலுமிச்சம்பழமும் நசுங்காமல் உட்கார்ந்திருந்தன. பாஸ்டர் பழங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு எங்கேயாவது ஓடிப்போகலாமா என்றிருந்தது. அவர் குனிந்து ஒன்றை எடுத்து, "நல்ல வெயில்மா, ஜூஸ் போடுங்க" என்றார்.

தெருவில் இருந்தவர்கள் எல்லாம் சகுனம் பேச ஆரம்பித்தார்கள். முதல் ஓட்டமே பின்னால் போச்சே, பழம் நசுங்கலையே என்று. நீ ஜன்னலில் தலையை நீட்டி ஒரு அதட்டல் போட்டாய்: "முன்னால போனா இன்னா, பின்னால போனா இன்னா? நகுந்துச்சில்ல?"

நகர்ந்தது. அதன்பின் எத்தனை இடத்துக்குப் போனது! கிட்னியும் கெட்டு, ரத்தம் சுத்தம் பண்ணத் திருவள்ளூருக்குப் போக வேண்டி வந்தபோதும் நீயேதான் ஓட்டிப் போனாய். பக்கத்தில் நான் உட்கார்ந்து வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு வருவேன். கடைசி முறையும் நீயேதான் ஓட்டினாய். ஆஸ்பத்திரி மரத்தடியில் கோடு போட்ட மாதிரி நேராக நிறுத்தினாய். மூச்சு வாங்கியது. உள்ளே படுக்க வைத்த பிறகு சாவியை என் கையில் கொடுத்து, "கண்ணாடிய ஏத்தி உட்டியா?" என்று கேட்டாய். ஏற்றினேன் என்றேன். அதற்கப்புறம் நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஷிப்டு முடிந்து உன் வீட்டுக்காரர் ஒரு நாள் வந்தார். "ஊட்டு வாசல்ல அத்தப் பாத்தா தாங்கலமா. நீயே வெச்சுக்க" என்று சாவியைத் திரும்ப என்னிடமே வைத்துவிட்டுப் போனார். சீட்டை நகர்த்தாதே என்று சொல்லி ஏழுமலையை ஓட்டி வரவைத்துக் கடைக்குப் பின்னால் நிறுத்தினேன். மதியச் சோற்றை அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன், பக்கத்து சீட்டில். உன் சீட்டில் உட்கார்ந்ததில்லை. அது நீ தள்ளிவைத்த இடத்திலேயே, அடிக் கம்பியின் கடைசிப் பல்லில், பின்னால் நின்றது. எனக்கு நீ இருந்த இடம் என்று மிச்சம் அது ஒன்றுதான்.

உப்புக் காற்றில் காரின் அடித்தகடு பொடிந்துவிட்டது. இனி எப்.சி. கிடைக்காது, ரோட்டில் ஓடாது என்று ஏழுமலை போன மாதமே சொல்லிவிட்டான். நின்றுவிட்டுப் போகட்டும் என்றேன். போன வாரம் ஜெயந்தி என்று ஒருத்தியை அழைத்து வந்தான். கும்மிடிப்பூண்டியில் டூல்ஸ் கம்பெனியில் வேலை. இடது கால் போலியோவில் சூம்பியது. அவள் அண்ணன் சின்னக் கார் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். கை கிளட்சும் உன் சீட்டும் கிடைத்தால் அவளே ஓட்டுவாள். கூட வந்த மாமியார் காரைச் சுற்றி வந்து கேட்டது: "இந்தம்மா வண்டிலயேவா செத்துப் போச்சு?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "கழட்டவும் வேணாம், ஒண்ணும் வேணாம், போங்க" என்று கத்திவிட்டேன். ஜெயந்தி வாசல் பக்கம் திரும்பினாள். ஆட்டோ வந்தது. டிரைவரும் மாமியாரும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்து அவளைத் தூக்கினார்கள். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மதியம் சோறு இறங்கவில்லை. அந்தக் கிழவி கேட்டது நான் பாயிடம் கேட்ட அதே கேள்விதானே என்று யோசித்தேன். சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. பக்கத்தில் கிளிப்பச்சை சீட் காலியாகத்தான் இருந்தது. ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

மேலே உள்ளது காலையில் எழுதியது. இப்போது மதியம்.

ஏழுமலை ஜெயந்தியையும் கூட்டி வந்தான். கழற்றுவதற்கு முன்னால் அவளை ஒரு தரம் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். அந்த நீளக் கதவை முழுசாகத் திறந்தேன். பின்பக்கமாக உட்கார்ந்தாள், காலை இழுத்துக்கொண்டாள். நான் கையை நீட்டவில்லை. அவள் உன்னைவிடக் குள்ளம். பிரேக்குக்கு அவள் வலது கால் எட்டவில்லை. சீட்டுக்கு அடியில் கை விட்டு லீவரைத் தடவிக் கண்டுபிடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"முன்னால இழுத்துக்கட்டுமாக்கா?"

கதவை விட்டுவிட்டு ஓரமாகப் போய்க் கூரையில் இரண்டு தட்டு தட்டினேன். ஏழுமலை ஸ்பானரைக் கீழே வைத்தான். வெயிலில் தகடு சுட்டது, கையை எடுக்கவில்லை. நீ செய்த மாதிரியே தலையைச் சாய்த்து நின்றேன். ரோட்டில் லாரி போகும் சத்தம்தான் கேட்டது. உனக்காக இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

"இழுத்துக்கம்மா" என்றேன்.

லீவரைத் தூக்கினாள். இத்தனை நாள் நின்ற இடத்தில் துருப்பிடித்து முதலில் அசையவில்லை. உடம்பை முன்னால் தள்ளி இன்னொரு தரம் இழுத்தாள்.

நகுந்துச்சுடி.