செவலையைப் போலவே ஒரு குட்டி

கோம்பை

தாயி,

நீ அனுப்பிய நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. செத்துப்போன நம் செவலையின் காதுத் தோலை வைத்து உங்கள் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது என்றால் இங்கே யாருக்குப் புரிகிறது? அதே கருமூஞ்சி, அதே காது மடிப்பு. "செவலையே எந்திரிச்சு வந்துட்டானே மதினி!" என்று பக்கத்து வீட்டு ராக்கம்மாள் கத்தியதில் தெருவே கூடிவிட்டது.

புதுக்குட்டி வந்தால் வீட்டு ஆளின் வேர்வைத் துணியை மோந்து பார்க்கக் கொடுப்போமே, அப்படி உன் அப்பாவின் சட்டையைக் காட்டினேன். அவர் இறந்த பிறகும் செவலை அதன்மேல்தான் படுத்துக் கிடந்தான். இது ஒருமுறை மோந்துவிட்டுக் கோழியை விரட்டப் போய்விட்டது. அதைக் குறை சொல்ல முடியுமா? அவரை அது பார்த்ததே இல்லை. சட்டையை மடித்து வைத்துவிட்டேன்.

எனக்குத் துணை வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தாய். இதற்கு முன்னால் பிறந்த குட்டிகள் தங்கவில்லை என்று போனில் சொன்னாய். அதைக் கிளறி உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைச் சுமந்து பெற்ற நாய் அங்கேதானே இருக்கிறது? குட்டியைக் காணாமல் தேடுகிறதா? வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறதா?

வேலை முடிந்ததும் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்