ஆறு மதிப்பெண் புகார் ஆகாது

அனுப்புநர்
மறைந்த ரயில்வே கால அட்டவணைப் பிரிவுத் தலைமை எழுத்தரின் மனைவி,
மாடி வீடு, மெட்ரோ நிலைய மேற்கு வாசலின் எதிர்ச் சந்து.

பெறுநர்
பொது மேலாளர் அவர்கள் (பயணிகள் சேவை),
நகர மெட்ரோ ரயில் நிர்வாகம், தலைமை அலுவலகம்.

பொருள்: இரண்டாம் நடைமேடை உதவியாளர் மீது நான் கொடுக்காத புகாரை நீக்கி அவரை மீண்டும் பணியில் அமர்த்தவும், பிற நகரச் சுரங்க ரயில்களோடு ஒப்பிட்டு நான் வழங்கிய மதிப்பெண்களைத் திருத்தாமல் வைத்திருக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் யார் மீதும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தேன் என்று உங்கள் கணினி சொல்கிறது; அதைக் கேட்டு எங்கள் சந்தும் சொல்கிறது. மேற்கு வாசல் டீக்கடைக்காரர் என் காதுபடவே, "தாங்கிப் பிடிச்ச கையையே கடிச்சிட்டாங்க இந்தம்மா" என்றார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். இருபது வருடமாக அவர் கடையில் டீ குடிக்கிறேன். சர்க்கரை அதிகம் என்று நேரில் சொல்லியிருக்கிறேனே தவிர, அவரைப் பற்றி எவரிடமும் போய்ச் சொன்னதில்லை. குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்வதுதான் என் வழக்கம்.

2. நடந்தது இதுதான். சென்ற மாதம் கண் மருத்துவமனைக்குப் போக இரண்டாம் நடைமேடையில் நின்றிருந்தேன். கழுத்தில் உங்கள் நிர்வாகத்தின் அட்டையைத் தொங்கவிட்ட ஒருவர் கையில் கணினிப் பலகையோடு வந்து, உலகத்தின் மற்ற மெட்ரோக்களோடு ஒப்பிட்டு நம் மெட்ரோவுக்குப் பத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்டார். வேறு எதில் போயிருக்கிறீர்கள் என்றும் ஒப்புக்குக் கேட்டார். இந்த வயதில் எதில் போயிருப்பேன் என்று நினைத்தாரோ, தெரியாது. எனக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் மூன்று பெருநகரங்களில் இருக்கிறார்கள். மூன்று ஊர்களிலும் மாதக் கணக்கில் தங்கி, அவர்கள் வேலைக்குப் போன பிறகு தன்னந்தனியாகச் சுரங்க ரயில் ஏறிச் சுற்றியவள் நான். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு வண்டிகள் வந்து போயின. அவர், "போதும் மேடம், போதும்" என்றார். கேட்டவர்தான் கடைசிவரை கேட்க வேண்டும் என்று நிறுத்தி வைத்தேன். அன்று சொன்னதைச் சுருக்கமாக இங்கே மறுபடி தருகிறேன், ஏனென்றால் உங்கள் கணினி எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் துப்பிவிட்டது.

3. பெரிய மகன் இருக்கும் நகரத்துச் சுரங்க ரயில் மிகப் பழையது. கோடையில் நடைமேடை அடுப்படி போல் கொதிக்கும். கூரை ஒழுகும். எலிகள் சீசன் டிக்கெட் வாங்கியவை போல் உரிமையோடு திரியும். அறிவிப்பு ஒலிபெருக்கியில் யாரோ தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். ஆனால் விடிய விடிய வண்டி ஓடும். கெட்டுப் போனது எதுவானாலும் கெட்டுப் போனது என்று தாளில் எழுதி ஒட்டிவிடுவார்கள். படிக்கட்டில் நான் பையோடு நின்றால், யாரென்றே தெரியாத ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே தூக்கி மேலே வைத்துவிட்டு, நன்றி சொல்லும் முன் போய்விடுவார். நான்கு மதிப்பெண்.

4. சின்ன மகன் நகரத்தில் நிலையங்கள் அரண்மனைகள். பளிங்குத் தூண்கள், சரவிளக்குகள். நகரும் படிக்கட்டு அவ்வளவு ஆழம். ஏறி நின்றவர்கள் கீழே போய்ச் சேர்வதற்குள் ஒரு சம்பந்தம் பேசி முடித்துவிடலாம். அடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் அம்மாள் உட்கார்ந்து எல்லோரையும் முறைத்துக்கொண்டிருப்பார். கால் வலியில் நான் படியில் உட்கார்ந்ததும் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கும்படி அதட்டினார். மொழி தெரியாமலே எழுந்துவிட்டேன். வண்டிக்குள் ஏறியதும் வாலிபர்கள் நெருப்புப் பட்டது போல் எழுந்து இடம் விடுவார்கள். ஐந்து.

5. மகள் நகரம்தான் மூன்றிலும் சிறந்தது. தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். வண்டி சற்றுப் பிந்தினாலும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பார்கள். என்னைப் போன்றவர் ஏறினால், ஊழியர் ஒருவர் கதவு வரை வந்து ஏற்றிவிட்டு, நான் இறங்கும் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார். அங்கே அதே கதவின் முன் இன்னொருவர் காத்து நிற்பார். ஆனால் பெட்டிக்குள் ஒருவரும் ஒருவர் முகத்தையும் பார்ப்பதில்லை. பாதிப் பேர் தூங்குகிறார்கள். மீதிப் பேர் தூங்குவது போலிருக்கிறார்கள். ஆறு. அதற்கு மேல் நான் எந்த நகரத்துக்கும் கொடுத்ததில்லை.

6. இனி நம்முடையது. பெட்டிகள் புதியவை, குளிர்ச்சியானவை: ஐந்து. லிஃப்ட் இருக்கிறது, சாவி நிலைய மேலாளரின் இழுப்பறையில் இருக்கிறது, நிலைய மேலாளர் எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது: ஒன்று. வாசலில் 'உலகத் தரம்' என்று ஆளுயர எழுத்தில் வைத்திருக்கும் பலகைக்கு நான் மதிப்பெண் தரவில்லை. ரயில் நேரங்களோடு வாழ்நாள் முழுதும் மல்லுக்கட்டிய என் கணவர் சொல்வார்: "வண்டி லேட்டா வரலாம், மன்னிச்சிடலாம். லேட்டே ஆகாதுன்னு போர்டு வைக்கிறான் பாரு, அவனை மன்னிக்கக் கூடாது." அவருக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

7. நடைமேடை உதவியாளருக்கு ஆறு கொடுத்தேன். விசில்காரி என்று எல்லோரும் அழைக்கும் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் இந்த மனு. இரண்டாம் நடைமேடை வளைவானது என்பதும், மூன்றாம் பெட்டிக்கு நேரே வண்டிக்கும் மேடைக்கும் நடுவே ஒரு கால் முழுதாக உள்ளே போகும் அளவு இடைவெளி இருப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லிஃப்ட் பூட்டியிருக்கும் நாளில் படிக்கட்டு அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. அந்தப் பெண் ஒரு காலை மேடை விளிம்பில் ஊன்றி, கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். நான் விரும்பினால் பிடித்துக்கொள்ளலாம்; அவளாக என்னைப் பிடிக்க மாட்டாள். என்னை ஏற்றிவிட்டுத் தன் சொந்தத் தொலைபேசியில் மருத்துவமனை நிலையத்து உதவியாளரிடம் சொல்வதை ஒருநாள் கேட்டேன்: "மூணாவது பெட்டி, ரெண்டாவது கதவு, வெள்ளைக் குடை. முழங்கையைப் பிடிச்சிடாத, கோபம் வரும். சும்மா பக்கத்துல நில்லு, அது போதும்." மகள் நகரத்தில் ஒரு நிர்வாகமே சேர்ந்து செய்வதை, யாரும் சொல்லாமல், தானாக ஏற்படுத்தி வைத்திருந்தாள். முகத்தையும் பார்த்தாள். குறைகளும் உண்டு. விசிலைக் காதருகே ஊதுவாள். அனுமதி கேட்காமல் பாட்டி என்பாள்; எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் கூப்பிட்டால் போதும். ஆகவே ஆறு.

8. ஆறு குறைவு என்று தோன்றினால், நான் எங்கே படித்தேன் என்பதைத் தெரிவிக்க வேண்டும். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி. கட்டுரைக்கு ஏழுக்கு மேல் அங்கே எவரும் வாங்கிக் கண்டதில்லை. பிழையில்லாமல் எழுதியதற்கு மதிப்பெண் கேட்பவள், நாளைக்குத் திருடாமல் இருந்ததற்கும் பரிசு கேட்பாள் என்பார் எங்கள் தலைமைச் சகோதரி. நான் ஆறு வாங்கிய அன்று என் தகப்பனார் தெரு முழுக்க இனிப்பு கொடுத்தார். அதே ஆறுக்கு, உங்கள் நிர்வாகம் அந்தப் பெண்ணை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பியது.

9. விவரம் கேட்க நிலைய மேலாளர் அறைக்குப் போனேன். அன்று இருந்தார். ஏழுக்குக் கீழே எது வந்தாலும் கணினி அதைப் பயணியின் புகாராக எடுத்துக்கொள்ளுமாம். புகார் வந்த ஒப்பந்த ஊழியர் நீக்கப்படுவாராம். பிறகு என் பக்கம் குனிந்து, "சின்ன விஷயம் மேடம். ஆறை ஒன்பதா மாத்திட்டா முடிஞ்சுது. ஒரே ஒரு பொத்தான்" என்றார். மறுத்தேன். "உங்க பிடிவாதத்தால ஒரு பொண்ணு வேலை போகுதே" என்றார். என் ஆறால் போகவில்லை, உங்கள் ஏழால் போயிற்று என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிரவு தொலைபேசியில் மகளும், "அம்மா, ஒன்பது போட்டுத் தொலையேன்" என்றாள். பெற்ற மகளுக்கே என்னைத் தெரியவில்லை என்றால் உங்கள் கணினியை நோவானேன்?

10. அந்தப் பெண்ணும் என் வீட்டுக்கு வந்தாள். கோபமாகத்தான் வந்தாள். "ஒன்பது போட்டிருந்தா உங்க கை என்ன தேஞ்சா போயிருக்கும் பாட்டி?" என்று வாசலிலேயே கேட்டாள். உட்காரவைத்து, மேலே எழுதிய கணக்கு முழுவதையும் சொன்னேன். மகள் நகரத்துக்கும் ஆறுதான் என்றதும் சிரித்துவிட்டு, "அப்போ அந்த ஊர்க்காரங்களையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.  இந்தக் கேள்வியை உங்களிடம் அனுப்பி வைக்கிறேன்.

11. ஏன் மாற்ற மறுக்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இப்போது டிக்கெட் வாசலில் உங்கள் ஊழியர்கள், "பத்து போடுங்க சார், புண்ணியமாப் போகும்" என்று கைகூப்பி நிற்கிறார்கள். பயணிகளும் இரக்கப்பட்டுப் பத்து போடுகிறார்கள். அந்தப் பத்துகளைக் கூட்டி, உலகின் முதல் வரிசை மெட்ரோக்களில் ஒன்று என்று இன்னொரு பலகை மாட்டியிருக்கிறீர்கள். கும்பிட்டு வாங்கிய பத்தும் பயந்து போட்ட பத்தும் சேர்ந்தால் உலகத் தரம் வருமா? நானும் ஒன்பது என்று பொய் சொன்னால் இவள் ஒருத்தி திரும்புவாள். அடுத்த நடைமேடையில் அடுத்தவள், வேறொரு கண்டிப்பான கிழவியின் ஆறுக்கு வீட்டுக்குப் போவாள். அதற்கு நான் துணை போக முடியாது.

12. அவள் இல்லாத நடைமேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும்; இரக்கத்துக்காக அல்ல, பதிவுக்காக. சென்ற வாரம் மூன்றாம் பெட்டி முன் நின்றேன். நீட்டிய கை இல்லை. இடைவெளியைக் குடையால் அளந்துகொண்டிருக்கும்போதே கதவு மூடிவிட்டது. கதவில் சிக்கிய குடை மட்டும் மருத்துவமனை வரை போயிற்று. அங்கிருந்த உதவியாளர், குடை வந்து ஆள் வரவில்லையே என்று பதறி, வேலையில் இல்லாத விசில்காரிக்குத் தொலைபேசி செய்திருக்கிறார். அவள் ஓடிவந்து பார்த்தபோது நான் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வர அவள் தன் காசில் டிக்கெட் வாங்கியிருந்தாள். அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினேன். முழங்கையையும் பிடித்தாள். நான் உதறவில்லை.

ஆகவே ஐயா, என் பெயரால் பதிவாகியிருக்கும் புகாரை நீக்கி, அது புகாராக இருந்ததே இல்லை என்று குறித்து, அந்தப் பெண்ணை அதே இரண்டாம் நடைமேடையில், அதே மூன்றாம் பெட்டிக்கு நேரே மீண்டும் நிறுத்த வேண்டுகிறேன். லிஃப்ட்டின் சாவி லிஃப்ட்டில் இருக்கட்டும். அதுவரை வாசல் பலகைகளைக் கழற்றி வையுங்கள்; மகள் நகரத்தில் அப்படி ஒரு பலகையே நான் பார்த்ததில்லை.

மதிப்பெண்ணில் ஒரே ஒரு திருத்தத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். மேற்படி பன்னிரண்டாம் பத்தியில் கண்ட காரணத்தால், உதவியாளருக்கு ஆறரை. கணினி அதையும் புகார் என்றே எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். எடுத்துக்கொள்ளட்டும். நான் பிறந்ததிலிருந்து ஒருவருக்கும் ஆறரை கொடுத்ததில்லை. என் கணவருக்கே ஆறுதான். அதில் அவருக்குப் பெருமை இருந்தது.

நட்சத்திரம் கேட்டு வரும் குறுஞ்செய்திகளுக்கு நான் விடை தருவதில்லை. இந்த மனுவுக்கான பதிலைத் தாளில், உங்கள் கையொப்பத்துடன், மேற்கண்ட முகவரிக்கு எழுத்துமூலம் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேற்கு வாசலின் எதிர்ச் சந்து
நாள்: மார்ச் 11

(கையொப்பம்)
மறைந்த தலைமை எழுத்தரின் மனைவி