புகார் கொடுத்தது நான்தான்

கிராகோவ்,
ஜனவரி 18, சனி

அன்புள்ள யாகோதாவுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் நாங்கள் இருவரும் சுகம், மெல்போர்ன் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மனசு எப்படி என்று கேட்டால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் பேசினால் பின்னறையில் இருக்கும் உன் அப்பாவுக்குக் கேட்டுவிடும்.

ஊருக்குள் கரியும் விறகும் எரிக்கக் கூடாதென்று சட்டம் வந்தபோது மாநகராட்சியே நமக்கு அறையைச் சூடாக்க எரிவாயு அடுப்பு வைத்துக் கொடுத்ததே, அப்போது பின்னறையின் பழைய கரியடுப்பை மட்டும் இடிக்க விடவில்லை உன் அப்பா, அழகுக்கு இருக்கட்டும் என்றார், நானும் நம்பினேன். இந்தக் குளிர் தொடங்கியதும் நிலவறையில் மிச்சமிருந்த கரியை வாளி வாளியாக ஏற்றி, பொழுது சாய்ந்தால் எரிக்க ஆரம்பித்துவிட்டார். கேட்டால், "இருபத்தாறு வருஷம் சுரங்கத்துல கரி வெட்டினவன் நான், எனக்கே கரி கூடாதுன்னு சொல்ல அவனுங்க யாரு?" என்கிறார். மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் தொரோத்தாவின் மகள் லில்காவுக்கு நாலு வயது, மூச்சிரைப்பு, புகை ஆகாது. டிசம்பரில் மட்டும் இரண்டு தடவை ஆம்புலன்ஸ் வந்தது, இரண்டாவது தடவை தூக்கிக்கொண்டு இறங்கும்போது குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்று அவரிடம் கெஞ்சினேன். "ஊர்ல ஓடுற காரெல்லாம் பன்னீரா தெளிக்குது? போடி" என்று இன்னொரு வாளி எடுக்கப் போய்விட்டார். போன வாரம் செவ்வாயன்று அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து மாநகராட்சியின் நகரக் காவலுக்குப் போன் செய்து, இங்கே கரி எரிகிறதென்று நம் வீட்டு எண்ணைச் சொன்னேன்.

மறுநாளே இரண்டு பேர் வந்து சாம்பலைச் சோதிக்கப் பையில் அள்ளிக்கொண்டு போனார்கள், புகார் சொன்னது யார் என்று சொல்லவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டியதுமே உன் அப்பா மாடிக்கு ஏறி, "பிள்ளையைக் காட்டி நாடகமாடி என் வீட்டுக்குள்ள ஆள விட்டியா?" என்று கத்த, தொரோத்தா "ஐயா, சத்தியமா நான் இல்லைங்க" என்று அழ, உள்ளே குழந்தை இரும, எனக்குப் பொறுக்கவில்லை. படியில் நின்றபடியே "அவளை விடுங்க, சொன்னது நான்தான்" என்றுவிட்டேன். கண்ணு, அவர் கை ஓங்கவில்லை, அப்புறம் கத்தவும் இல்லை. "நாப்பத்தோரு வருஷம், போகுமிலா" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைத் தாண்டி இறங்கிப் போனார்.

பத்து நாளாகிறது, என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சூப் வைத்தால் குடிக்கிறார், கிண்ணத்தைக் கழுவி வைக்கிறார், மேல்கோட்டோடு பின்னறையில் அந்த அணைந்த அடுப்புப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார். செய்தது சரியா என்று உன்னிடம் கேட்கவில்லை, இன்னொரு தடவை என்றாலும் அதையேதான் செய்வேன், ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்று காலை தொரோத்தா வந்து சொல்கிறாள், நேற்று உன் அப்பா மாடிக்குப் போய்த் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாராம். "திங்கக்கிழமை அடுப்ப இடிக்க ஆள் வருது, தூசி பறக்கும். பிள்ளைய அன்னிக்கு வேற எங்கயாவது கூட்டிட்டுப் போயிடும்மா" என்றாராம். என்னிடம் அதைக்கூடச் சொல்லவில்லை, இருந்தாலும் வருகிற ஆட்களுக்கும் அவருக்கும் சேர்த்து பீட்ரூட் சூப் வைக்கப் போகிறேன்.

இது உன் கைக்கு வரும்போது அடுப்பு இருக்காது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதலில் அப்பாவிடம் பேசு, அடுப்பைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவராகச் சொல்லட்டும். மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

முத்தங்களுடன்,
அம்மா போகுமிலா