பெட்ரோல் மூடியின் வளையம்

மார்ச் 4, செவ்வாய்
டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பின்சீட்டிலிருந்து என் மனைவி, "நிறுத்துங்க, பெட்ரோல் வாடை குடலைப் புரட்டுது" என்றாள். சாலையோரம் வாந்தி எடுத்தாள். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. அதைச் சொல்லியிருக்கக் கூடாது. "அப்ப நான் பொய் சொல்றேனா?" என்றவள் வீடு வரை ஜன்னல் கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தாள்.

மார்ச் 5, புதன்
வண்டிக்கு அடியில் செய்தித்தாள்களை விரித்து ஐந்து மணி நேரம் காத்திருந்தேன். ஒரு சொட்டு இல்லை. குழாய்களைத் துணியால் துடைத்தேன். ஈரமில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு மட்டும் எரிகிறது. எத்தனை நாளாக? எல்லாவற்றையும் குறித்து வைக்கிறவன் இதைக் குறிக்கவில்லை. பயந்துதான்.

மார்ச் 6, வியாழன்
மகள் வந்தாள். கார் கதவைத் திறந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டாள். "நிஜமாவே உங்களுக்குத் தெரியலையாப்பா?" அம்மாவை டாக்சியில் கூட்டிப்போனாள். "சனிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா சாவியை என்கிட்ட குடுத்துடுங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.
சாவி போனால் நான் எதற்கு? சமைக்கத் தெரியாது. ஊசியைப் பார்த்தால் மயக்கம். அவளுக்கென்று நான் செய்வது இந்தக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது ஒன்றுதான்.

மார்ச் 7, வெள்ளி
மெக்கானிக் கருவியை மாட்டிப் பார்த்தார். "சின்ன லீக் சார். சொட்டாது, ஆவியாத்தான் போகும்." கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க டாங்கிக் குழாயில் வெள்ளைப் புகையை ஏற்றினார். இருவரும் குனிந்து குனிந்து சுற்றி வந்தோம். பெட்ரோல் மூடியின் ஓரத்தில் நூல்போலப் புகை எழுந்தது. கழற்றினால், ரப்பர் வளையம் உப்பி நெளிந்திருக்கிறது.
"என்ன சார், இதுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினீங்களா?"
ஆமாம். காய்ந்து வெடிக்கக் கூடாதென்று மாதம் தவறாமல், முதல் தேதியன்று, பெட்ரோலியம் ஜெல்லி தடவினேன். அது பட்டால் சில ரப்பர்கள் உப்பும் — முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன், கரும்பலகையில் நானே எழுதியிருக்கிறேன்.
புது மூடி போட்டதும் புகை நின்றது. பழையதை என் மூக்கருகே நீட்டி, "பாருங்க, என்னா நெடி!" என்றார். தலையாட்டினேன். ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

மார்ச் 8, சனி
நான்தான் ஓட்டினேன். "வாடை சுத்தமா போயிடுச்சு" என்றாள். மகளுக்கும் சந்தோஷம். சாவிப் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு
காப்பித்தூள், பூண்டு, வினிகர். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்தேன். மூன்றும் காற்று.

மார்ச் 10, திங்கள்
சாவியை மகளிடம் கொடுத்தேன். "அதான் சரியாயிடுச்சே, எதுக்குப்பா?" என்றாள். வண்டி சரியாகிவிட்டது. அடுத்த முறை கசிந்தால் அவள் அம்மா வாந்தி எடுக்கிற வரை எனக்குத் தெரியாது. இதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்
பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓட்ட உட்கார்ந்த மகள் முன்சீட்டை நன்றாக முன்னால் இழுத்துக்கொண்டாள். இவள் காலை நீட்டி, "அப்பாடா" என்றாள். இரண்டு வருடமாக என் சீட்டு இவள் முட்டியில் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது.
"சொல்லியிருக்கலாமே?"
"சொன்னா டேப் எடுத்துட்டு வந்து ரெண்டு நாள் அளப்பீங்க."
மகள் சிரித்தாள். வியாழக்கிழமை டயாலிசிஸுக்கும் நான் வர வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே, வியாழன் பக்கத்தில் 'பின்சீட்டு' என்று குறித்து வைத்திருக்கிறேன்.