மாமியார் கேட்டுப் போன பெயர்

என் மகளுக்கு,

நேற்று உன் மாமியார் பிரெடெரிசியாவிலிருந்து தனியாக ரயிலேறி, இக்காஸ்டுக்கு என்னைப் பார்க்க வந்தார். உன் கலியாணம் முடிந்து இரண்டு வருடமாகிறது. அவர் முகத்தை நேற்றுத்தான் முதன்முதலாகக் கண்டேன். உன் கலியாணத்துக்கு நான் வரவில்லை; அது ஏன் என்பதை இப்போது விடுவோம்.

ஈரான்காரி என்றுதானே இவ்வளவு நாளும் சொல்லித் திரிந்தேன். சீனிக்கட்டியைப் பல்லில் கடித்தபடி தேநீரைக் குடித்துக்கொண்டு, என்னைப் போலவே அரைகுறை டேனிஷில் கதைத்தார்.

"நாங்கள் ஜோர்ஜியர். எங்கட ஆக்கள் ஈரானுக்கு வந்து நானூறு வருசம். பள்ளிக்கூடத்திலை பாரசீகம். வீட்டுக்குள்ளை எங்கட பாசைதான்."

பாஸ்போர்ட்டில் அவர் மர்யம். வீட்டில் மனானா. அவர்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அப்படி ஒரு ஜோர்ஜியப் பெயர் இருக்கிறதாம். அது வீட்டாருக்கு மட்டும்தானாம்.

பிறகு கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்: "என்ரை மருமகளுக்கு வீட்டுப் பெயர் என்ன? அவளைக் கேட்டால் அழுறாள்."

சொன்னேன். அவர் அதை நாலைந்து தரம் சொல்லிப் பழகினார். என்னைவிட வடிவாகச் சொன்னார். அவர் போனபின் அடுப்படியில் நின்று நானும் சொல்லிப் பார்த்தேன். இரண்டு வருடமாக நான் வாயில் எடுக்காத பெயர் அது.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். மணி அடிக்க மாட்டேன், வாசலில் நின்று கூப்பிடுவேன்.

கதவைத் திற, சிட்டு.

அம்மா